ரிப்போர்ட் எல்லாம் நார்மல், நாய் மட்டும் சரியில்லை

பத்து வயதைத் தாண்டிய நாய் வீட்டில் இருக்கிறது, அதற்கு என்னவோ ஆகிறது என்று உங்களுக்கு நன்றாகத் தெரிகிறது, ஆனால் எடுக்கச் சொன்ன டெஸ்ட் எல்லாம் நார்மல் என்று வந்துவிட்டது. இந்த நிலைமையில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் இருப்பது கோத்தகிரி பக்கம். எங்கள் ரோசிக்கு வயது பதின்மூன்றை நெருங்குகிறது. லாப்ரடாரும் ஏதோ ஒரு நாட்டு நாயும் கலந்த கறுப்பி. ஒரு வாரம் பின்னங்காலை இழுத்துக்கொண்டு நடப்பாள், அடுத்த வாரம் தேயிலைக்குள் காட்டுக்கோழியைத் துரத்துவாள். இரண்டு நாள் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள், மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக் கோழித் தீவனம் வரை தின்றுவிட்டு வருவாள். மூட்டு என்றார் ஒரு டாக்டர், கிட்னி ஆரம்பமாக இருக்கலாம் என்றார் இன்னொருவர், மூன்றாமவர் வயதைக் கேட்டுவிட்டு "அப்புறம் என்னங்க, விடுங்க" என்றார். இன்றுவரை அவளுடைய சிக்கலுக்கு யாரும் பெயர் சொல்லவில்லை, ஆனாலும் ஆள் நன்றாகத்தான் இருக்கிறாள். நோயின் பெயர் தெரியாமலே நாயை நல்லபடியாக வைத்துக்கொள்ள முடியும். அதற்கு டாக்டரை விட வீட்டில் இருப்பவர்தான் அதிகம் வேலை செய்ய வேண்டும்.

அந்த "நார்மல்" விஷயத்தை முதலில் பேசிவிடலாம். அன்றைக்கு எடுத்த ரத்தத்தில், அன்றைக்குத் தேடிய சில பொருள்களின் அளவு சரியாக இருந்தது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவுப்பொருள் ஏறுவதற்குள் சிறுநீரகத்தின் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போயிருக்கும். மண்ணீரலில் வளரும் கட்டி ரத்த டெஸ்டில் தெரியாமலே இருக்கலாம், ஸ்கேனில்தான் தெரியும். உண்ணிக் காய்ச்சல் கிருமி பல மாதம் உடம்புக்குள் ஒளிந்திருக்கும், ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்வதை வைத்து நிம்மதியாகிவிட முடியாது. அதனால் நார்மல் என்று வந்தால் சந்தோஷப்படுங்கள், அந்த ரிப்போர்ட்டை பத்திரமாக ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். நாய் சரியில்லை என்று உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் அந்தத் தாளுக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்

வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று ஒன்றுமே வராமல் இருப்பது. ஈறு வெளுத்துப் போவது, அதுவும் திடீரென்று சுருண்டு விழுந்து எழுந்த பிறகு. ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காத வலிப்பு, அல்லது ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட வலிப்பு. சிறுநீர் கழிக்க முக்கி முக்கி வராமல் போவது. நாக்கு நீலம் பாய்ந்து மூச்சுக்குத் தவிப்பது. கருத்தடை செய்யாத பெட்டை நாய் பருவத்துக்கு வந்து சில வாரம் கழித்து நிறையத் தண்ணீர் குடித்துச் சோர்ந்து கிடந்தால் அது கருப்பையில் சீழாக இருக்கலாம், வெளியே ஒன்றும் ஒழுகாவிட்டாலும் கூட. இவற்றில் எதற்கும் காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

இன்னொன்று. வாய் தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல், குரல் மாறியிருந்தால் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று எல்லோரும் கையை உள்ளே விடுவார்கள். தடுப்பூசி ஒழுங்காகப் போடாத நாய் என்றால் அது வெறிநோயாகவும் இருக்கலாம், கையை விடாதீர்கள். 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்ததே வெறிநாய்க்கடிக்கு வைத்தியம் பார்க்கத்தான். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்த ஒரு பழக்கம் நம் ஊரில் போகவில்லை.

நோட்டு

டாக்டர் நாயைப் பார்ப்பது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் அது பயத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டு, நொண்டிய காலைக் கூட நேராக வைத்து நிற்கும். வீட்டில் நடப்பதை அவருக்குக் காட்ட இரண்டே வழிதான், ஒன்று நோட்டு, இன்னொன்று போன் வீடியோ. "கொஞ்ச நாளாவே சரியில்லை டாக்டர்" என்று சொன்னால் அவரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பதினைந்து நாளாகத் தண்ணீர் இவ்வளவு குடிக்கிறது, எடை இவ்வளவு குறைந்திருக்கிறது என்றால் அவர் நிமிர்ந்து உட்காருவார்.

என்னென்ன எழுத வேண்டும்? முதலில் தண்ணீர். காலையில் அளந்து ஊற்றுங்கள், மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து கழித்துவிடுங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அது அதிகம், அதாவது இருபது கிலோ நாய் இரண்டு லிட்டரைத் தாண்டக் கூடாது. நம் ஊர்க் குளிரில் நாய் பொதுவாகக் குறைவாகத்தான் குடிக்கும், அதனால் எல்லைக்கு உள்ளேயே இருந்தாலும் வழக்கத்தை விட இரண்டு மடங்கு ஆனால் கவனியுங்கள். வாசலில் வாளித் தண்ணீர், மழைக் குட்டை எல்லாம் இருந்தால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும், அளக்கும் சில நாள் மட்டும் அதையெல்லாம் மூடி வையுங்கள்.

அப்புறம் மூச்சு. நாய் நன்றாகத் தூங்கும்போது, கனவு கண்டு காலை உதறாத நேரமாகப் பார்த்து, விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். முப்பதுக்குள் இருந்தால் கவலையில்லை. தொடர்ந்து சில நாள் முப்பதைத் தாண்டினால், குறிப்பாக இரவில் இருமலும் சேர்ந்தால், இதயமோ நுரையீரலோ பார்க்க வேண்டும். காசில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளில் எனக்குத் தெரிந்து இதைவிட நல்லது வேறு இல்லை.

ஈறு எப்போதும் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டதும் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ரோசி மாதிரி ஈறே கறுப்பாக இருக்கும் நாய் என்றால் கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். நோயில்லாத நாளில் நாலைந்து தடவை பார்த்துப் பழகினால்தான் நோயுள்ள நாளில் வித்தியாசம் தெரியும். மூக்கு ஈரமா காய்ந்திருக்கிறதா என்பதை வைத்துக் காய்ச்சலைச் சொல்லவே முடியாது, அதை மறந்துவிடுங்கள். சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரில் வாஸ்லின் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை சரி. நமக்கு 102 என்றால் படுத்துவிடுவோம், நாய்க்கு அது சாதாரணம்.

எடை மாதம் ஒருமுறை போதும். தூக்க முடிகிற நாய் என்றால் நீங்கள் தூக்கிக்கொண்டு மெஷினில் நின்று உங்கள் எடையைக் கழித்துவிடலாம். பெரிய நாயைக் காய்கறி மண்டியிலோ உரக்கடையிலோ மேடைத் தராசில் நிறுத்திப் பார்க்கலாம், கேட்டால் விடுவார்கள். நீளமான ரோமத்துக்குள் நாய் இளைப்பது கண்ணுக்குத் தெரியாது. முதுகெலும்பைத் தடவிப் பாருங்கள், தராசு சொல்வதைக் கை முன்பே சொல்லிவிடும்.

விழுந்தாலோ உதறினாலோ பதறாமல் போனை எடுப்பது கஷ்டம்தான், ஆனாலும் எடுங்கள். முழு உடம்பும் தெரிகிற மாதிரி கொஞ்ச நேரம், அப்புறம் கண் பக்கத்தில், அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்புகிறதா என்று. மயக்கம் வேறு, வலிப்பு வேறு. துள்ளிக் குதித்தபோதோ இருமியபோதோ துவண்டு விழுந்து, ஒரு நிமிடத்துக்குள் எழுந்து ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்தால் பெரும்பாலும் அது மயக்கம், இதயத்தைப் பார்க்க வேண்டும். விறைத்து, கால்களை மிதித்து, எச்சிலும் சிறுநீரும் போய், எழுந்த பிறகும் நம்மைத் தெரியாத மாதிரி சுவரோரம் சுற்றினால் வலிப்பு. வாயால் விவரித்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், வீடியோவைப் பார்த்தால் டாக்டருக்குப் பெரும்பாலும் அப்போதே புரிந்துவிடும்.

என்ன ஊசி என்று கேளுங்கள்

கேட்க நமக்குக் கூச்சம். அவருக்கும் சொல்லிப் பழக்கமில்லை. "ஒரு ஊசி போட்டிருக்கேன், சரியாயிரும்" என்பதோடு முடிந்துவிடும், கம்பவுண்டரிடம் கேட்டால் "சத்து ஊசிதானுங்க" என்பார். மறுநாள் நாய் எழுந்து வாலாட்டும், நாமும் ஆஹா என்போம், பத்து நாளில் பழையபடி படுத்துவிடும். இப்படி நடந்தால் போட்டது ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்பு அதிகம்: டெக்சாமெத்தசோன், பிரட்னிசலோன் வகை. அது கெட்ட மருந்து இல்லை, தேவைப்படுகிற இடத்தில் உயிரையே காப்பாற்றும். ஆனால் என்ன நோய் என்று தெரியாதபோது போட்டால் தடயத்தை எல்லாம் அழித்துவிடும். தண்ணீர்த் தாகமும் பசியும் கூடும், கல்லீரல் டெஸ்டில் ஏஎல்பி ஏறும், தைராய்டு குறைந்த மாதிரி காட்டும், நிணநீர்ப் புற்று இருந்தால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கி சதைத் துண்டை எடுத்துப் பார்க்கும் பயாப்சியில் கூடப் பிடிபடாமல் போகலாம். கோயமுத்தூரில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து வேறு ஏதோ நோய் என்று தேட ஆரம்பிப்பார். காதுக்கும் தோலுக்கும் போடும் களிம்புகளிலும் ஸ்டீராய்டு இருப்பது உண்டு, அதையும் சொல்லுங்கள்.

அதனால் ஊசி போட்டு முடித்ததும் தட்டில் கிடக்கிற காலிக் குப்பியை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "இன்னொரு டாக்டர்கிட்ட காட்டணும்னா வேணும் சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒருவர் ஸ்டீராய்டு போட்டது தெரியாமல் இன்னொருவர் மெலாக்சிகாம் மாதிரி வலி மருந்து கொடுத்தால் இரண்டும் சேர்ந்து குடலில் புண்ணாக்கி ரத்தம் கசியும், மலம் தார் மாதிரி கறுத்துப் போகும்.

நம் வீட்டு மாத்திரை டப்பாவைத் தொடவே வேண்டாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் வயிற்றையும் கிட்னியையும் கெடுக்கும், பாராசிட்டமாலும் டாக்டர் சொல்லாமல் கூடாது. இனிப்புக்காக சைலிட்டால் கலந்த சிரப் நாய்க்கு விஷம்.

மலையில் இருப்பதால் முதலில் சந்தேகிக்க வேண்டியவை

உண்ணி. ஊட்டிக் குளிருக்கு உண்ணி ஏது என்பார்கள். குறைவுதான், இல்லாமல் இல்லை. கீழே கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்திலோ, மசினகுடி பக்கம் உறவினர் வீட்டிலோ ஒட்டிக்கொண்டு வரும். எர்லிக்கியா என்கிற உண்ணிக் காய்ச்சல் உண்ணி கடித்த சில வாரத்தில் காட்டிவிட்டுப் போய், மாதங்கள் ஏன் வருஷங்கள் கழித்தும் திரும்பத் தலைதூக்கும்: விட்டுவிட்டுக் காய்ச்சல், இளைப்பு, ஒரு நாள் இந்தக் கால் ஒரு நாள் அந்தக் கால் என்று நொண்டல், மூக்கில் ரத்தம். பிளேட்லெட் குறைந்திருந்தால் அடிவயிற்றுத் தோலிலும் ஈறிலும் சிவப்புப் புள்ளிகள் தெரியும், வெளிச்சத்தில் புரட்டிப் பாருங்கள். காய்ச்சல் இருக்கும்போதே ரத்தம் எடுத்தால் கிருமி சிக்க வாய்ப்பு கூடும். ஸ்மியரில் (ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) இல்லையென்றால் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் டெஸ்ட் கேட்கலாம். டாக்டர் டாக்சிசைக்ளின் எழுதிக்கொடுத்தால் வழக்கமாக நாலு வாரம், பாதியில் நிறுத்தக் கூடாது, வெறும் வயிற்றில் கூடாது, மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டாமல் இருக்கப் பின்னாலேயே தண்ணீரோ கஞ்சியோ போக வேண்டும். பபேசியா என்கிற இன்னொரு உண்ணி நோய்க்கு இந்த மருந்து மட்டும் போதாது, அதனால் "உண்ணிக்கு மாத்திரை குடுத்தாச்சு" என்று கதையை முடித்துவிடாதீர்கள்.

மூக்கில் அட்டை. இதைப் பட்டணத்து டாக்டர்கள் பலர் யோசிக்கவே மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஓடையிலோ ஊற்றிலோ தண்ணீர் குடிக்கும்போது நூல் மாதிரி சின்னதாக மூக்குக்குள் ஏறி, அங்கேயே வாரக்கணக்கில் ரத்தம் குடித்துப் பெருத்துக்கொண்டிருக்கும். ஒரு பக்க மூக்கில் மட்டும் சொட்டுச் சொட்டாக ரத்தம், தும்மல், தலையை உதறுவது, அப்புறம் இரண்டு நாள் ஒன்றுமில்லை, மறுபடி ரத்தம். சில மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, அப்புறம் வெள்ளைக் கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்து, நாய் குடிக்கும்போது பக்கத்தில் படுத்துப் பாருங்கள். மூக்கு தண்ணீருக்கு அருகில் போனதும் துவாரத்தின் விளிம்பில் கரும்பழுப்பாக ஒரு நுனி நீண்டு எட்டிப் பார்க்கும், நாய் தலையைத் தூக்கியதும் உள்ளே போய்விடும். கையால் பிடித்தால் வழுக்கும், பாதி அறுந்துவிடும். உப்பு, புகையிலைத் தண்ணீர் எல்லாம் மூக்குக்குள் ஊற்றாதீர்கள். டாக்டர் இடுக்கியால் எடுத்துவிடுவார். கிட்னி கோளாறாக ஏற்கெனவே சந்தேகப்படுகிற நாயை மட்டும் தண்ணீர் இல்லாமல் காக்க வைக்காதீர்கள். அட்டை இல்லையென்று உறுதியானால், வயதான நாய்க்கு ஒரு பக்க மூக்கில் ரத்தம் வருவது மூக்குக்குள் கட்டியாகவும் இருக்கலாம், அதை அடுத்து பார்க்க வேண்டும்.

விஷம். எலிக்கு வைக்கும் புரோமடியலோன் கேக்கைத் தின்றால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மூன்று முதல் ஐந்து நாளில் உள்ளே ரத்தம் கசிந்து சோர்வும் மூச்சு வாங்கலுமாக வரும், அதற்கு வைட்டமின் கே1 என்று நல்ல மாற்று மருந்தே இருக்கிறது. கேரட், பீட்ரூட் தோட்டத்துப் பக்கம் என்றால் நத்தை மருந்தும் பூச்சி மருந்தும். எச்சில் ஒழுகி உடம்பு நடுங்கினால் அன்றைக்கு யார் என்ன தெளித்தார்கள் என்று தோட்டத்தில் கேட்டு, பாட்டிலையே கையோடு கொண்டுபோங்கள். ஊருக்கு வருகிறவர்கள் ஆசையாக நீட்டும் ஹோம்மேட் சாக்லேட்டும் இந்தப் பட்டியலில்தான் வரும்.

குளிர். டிசம்பர், ஜனவரி உறைபனியில் வயதான நாய்களில் பாதிக்குக் காலையில் கால் நீளாது. இது நோய் இல்லை என்று சொல்ல மாட்டேன், மூட்டு வாதம்தான், ஆனால் வெயில் வந்ததும் சரியாகிற நொண்டலையும் வெயில் வந்தும் சரியாகாத நொண்டலையும் நோட்டில் தனித்தனியாக எழுதுங்கள். கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு நாயை அதன் பக்கத்தில் படுக்க வைக்கிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. அந்தப் புகையே இல்லாத வாயு மனிதனையும் சேர்த்துக் கொல்லும்.

பார்க்கப் பயங்கரம், ஆனால் அவ்வளவு மோசமில்லை. பார்க்கச் சாதாரணம், ஆனால் வலி

ஒரு காலையில் நாய் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, கண்மணி இப்படியும் அப்படியும் ஆட, நிற்க முடியாமல் குடிகாரன் மாதிரி விழுந்து வாந்தி எடுக்கும். பக்கவாதம், முடிந்தது என்று எல்லோரும் அழ ஆரம்பித்துவிடுவார்கள். வயதான நாய்களுக்கு உள்காதுச் சமநிலை கெட்டு இப்படி வருவது ரொம்ப சகஜம், காரணம் தெரியாமலே வந்து, மூன்று நாளில் தணிய ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். தலைச் சாய்வு மட்டும் கொஞ்சம் தங்கலாம். காதில் சீழ் இருக்கிறதா, மூளையில் வேறு கோளாறின் அடையாளம் இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கே கருணைக் கொலை பற்றி யாராவது பேசினால் ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறாக, "வயசாயிருச்சு, படுத்தே கெடக்கு" என்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில் பாதி வலி. நாய் வலிக்கிறது என்று கத்தாது. படிக்கட்டின் முன் நின்று யோசிக்கும், ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும், குழந்தை கட்டிப்பிடித்தால் உறுமும், இரவில் இடம் மாற்றி மாற்றிப் படுக்கும், கடினமான பிஸ்கட்டை வாயில் வாங்கிக் கீழே போடும் (இது பல் வலி, வாயைத் திறந்து நாற்றத்தைப் பாருங்கள்). எந்த டெஸ்டும் ஒன்றும் சொல்லாதபோது டாக்டரிடம் கேட்கத் தகுந்த ஒன்று: கிட்னி டெஸ்ட் பார்த்துவிட்டு, நாய்க்கான வலி மருந்தை இரண்டு வாரம் கொடுத்துப் பார்க்கலாமா? கொடுத்ததும் பழையபடி வாசலுக்கு ஓடி வந்தால் நோய் என்னவென்று தெரியாவிட்டாலும் அதில் வலி ஒரு பங்கு என்று தெரிந்துவிடும்.

ராத்திரி முழுக்க அலைவது, மூலையில் போய்ச் சிக்கிக்கொண்டு திரும்பத் தெரியாமல் நிற்பது, பழகிய ஆளைப் பார்த்துக் குரைப்பது எல்லாம் மூளைத் தேய்மானமாக இருக்கலாம். அப்படி முடிவு கட்டும் முன் கண், காது, வலி, ரத்த அழுத்தம் நாலையும் பார்த்துவிடுங்கள். லாப்ரடார் ரத்தம் உள்ள கிழ நாய்க்குக் குரைப்பு கரகரத்து, இழுத்து இழுத்துச் சத்தமாக மூச்சு விட்டு, பின்னங்காலும் பலவீனமானால் குரல்வளை வாதம் என்று ஒன்று இருக்கிறது, அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கீழே இறங்குவது

ஸ்கேன், இதயத்துக்கு எடுக்கும் எக்கோ, ஸ்பெஷலிஸ்ட் என்றால் கோயமுத்தூர்தான், அதற்கும் மேல் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. இறங்குவதற்கு முன்னால் இங்கேயே மாட்டாஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ முடிகிறதை முடித்துக்கொள்ளுங்கள். ரத்தத்தை மட்டும் எடுத்துக் கீழே லேபுக்கு அனுப்ப முடியும்; அப்படி அனுப்பினால் ஸ்மியர் கண்ணாடியை ரத்தம் எடுத்த உடனே இங்கேயே தேய்த்துக் காயவைத்துச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், குழாயில் மணிக்கணக்கில் கிடந்த ரத்தத்தில் அணுக்கள் உருக்குலைந்துவிடும். சிறுநீர் டெஸ்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் கிட்னி விஷயத்தில் ரத்தத்தை விட முன்னால் பேசுவது அதுதான். காலை முதல் சிறுநீரை, பழைய குழிக்கரண்டி ஒன்றைக் கழுவி அடியில் நீட்டிப் பிடித்து, சுத்தமான பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். பெட்டை நாய் சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்துவிட்டுப் பாதியில் எழுந்துவிடும், மறுநாள் முயற்சி செய்யுங்கள்.

ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: "இது எப்படி வந்தாலும் நாம செய்யப் போறது மாறுமா சார்?" மாறும் என்றால் எடுங்கள். மாறாது, தெரிந்துகொள்ளத்தான் என்றால் அந்தப் பணத்தை வலி மருந்துக்கும் நல்ல சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். இதில் என் கட்சி கொஞ்சம் கடுமைதான். பதினாலு வயது நாய்க்கு, எப்படியும் ஆபரேஷன் செய்யப் போவதில்லை என்று வீட்டில் முடிவாகிவிட்ட பிறகு, மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுப்பது நம் மனசுக்குத்தானே தவிர நாய்க்கு இல்லை.

பயண நாளில் வெறும் வயிறு நல்லது, வளைவுகளில் வாந்தியும் வராது, ரத்தத்துக்கும் ஸ்கேனுக்கும் உதவும் (சர்க்கரைக்கு இன்சுலின் போடும் நாய் என்றால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்). விடிந்ததும் கிளம்பினால் வெயிலுக்கு முன் போய்ச் சேரலாம். இங்கே பதினைந்து டிகிரியில் வாழ்ந்த கிழ நாயை ஏப்ரல் மாத மத்தியானத்தில் மேட்டுப்பாளையத்தில் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் விட்டால், வந்த நோயை விட்டுவிட்டு வெப்பத்தாக்கில் போய்விடும். பலாப்பழ சீசனில் வழியில் குஞ்சப்பனை பக்கம் யானை நிற்கும், இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிற மாதிரி அப்பாயின்மென்ட் வாங்குங்கள். வாடகை வண்டி என்றால் நாய் இருக்கிறது என்று முந்தின நாளே சொல்லி, ஒரு பழைய கம்பளியைச் சீட்டில் விரிப்பதாகவும் சொல்லிவிட்டால் "அதெல்லாம் ஏத்த மாட்டேங்க" என்ற பேச்சு காலையில் வராது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

பெயர் தெரியாத நோயில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். மஞ்சள், மீன் எண்ணெய், ஆட்டுக்கால் சூப்பு, லிவர் டானிக், புதுத் தீவனம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால் நாய் தேறினாலும் எதனால் என்று தெரியாது, மோசமானாலும் தெரியாது. ஒன்றை மாற்றி, தேதி போட்டு எழுதி, இரண்டு வாரமாவது விடுங்கள். தோல் அரிப்புக்காகச் சாப்பாட்டை மாற்றினால் எட்டு வாரம் வேண்டும், அதற்குள் யாரும் திருட்டுத்தனமாக வர்க்கி பிஸ்கட் போடக் கூடாது. மாத்திரையை வர்க்கிக்குள் வைத்துக் கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம், ஆனால் அதில் கொழுப்பு அதிகம் என்பதால் கணையம் வீங்கும் நாய்க்கு ஆகாது. இட்லித் துண்டுக்குள் வைத்தால் போதும். சாப்பிடவே மறுக்கிற நாளில் சோற்றையும் கோழியையும் வெதுவெதுப்பாகச் சூடாக்கினால் வாசனைக்கு வந்துவிடும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு மட்டும் கூடாது.

ராத்திரி

நிறையத் தண்ணீர் குடிக்கிற கிழ நாய்க்கு ராத்திரி இரண்டு தடவை வெளியே போக வேண்டும். வெளியே சிறுத்தை. காது மந்தமான நாயைக் கதவைத் திறந்து விட்டுவிட்டு நாம் உள்ளே நின்றால், சத்தமே இல்லாமல் தூக்கிக்கொண்டு போய்விடும், நம் பக்கத்தில் வராந்தாவில் படுத்திருந்ததையே தூக்கியிருக்கிறது. விளக்கைப் போட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, கரடி ஏதும் குப்பைத் தொட்டியைக் கிளறவில்லை என்று பார்த்து, கயிற்றோடு கூடவே போய் வாருங்கள். மழை நாளில் இது முடியாது, பாத்ரூம் ஓரத்தில் செய்தித்தாளோ மண் நிரப்பிய தட்டோ வைத்துப் பழக்குங்கள், வெட்கப்பட்டு இரண்டு நாள் அடக்கும், அப்புறம் போகும். நிறையக் குடிக்கிறதே என்று தண்ணீரைக் குறைக்கவே கூடாது. கிட்னி பலவீனமாக இருந்தால் அதுவே ஆளைச் சாய்த்துவிடும்.

படுக்கையைத் தரையிலிருந்து நாலு விரல் உயரப் பலகை போட்டு, மேலே சாக்கு, அதன் மேல் கம்பளி. டைல்ஸ் தரையில் நாய் நடக்கிற பாதை முழுக்கச் சாக்கோ ரப்பர் விரிப்போ. கிழ நாய்க்கு நகம் தேய்வதில்லை, வெட்டிவிட்டாலே நடை பாதி சரியாகும். நம் ஊரில் எல்லா வீட்டுக்கும் படி உண்டு, பழைய வேட்டியை அடிவயிற்றில் தொட்டில் மாதிரி கொடுத்து இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்தால் பின்பக்க பாரம் நம் கைக்கு வந்துவிடும்.

எப்போது போதும்

காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு டிக், கெட்ட நாளுக்கு ஒரு கோடு. நல்ல நாள் என்றால் என்ன என்பதை நாய்க்கு இப்போதே முடிவு செய்து எழுதி வையுங்கள்: சாப்பிட்டதா, வாசலுக்கு வந்ததா, வலியில்லாமல் தூங்கியதா, அதற்குப் பிடித்த ஏதாவது ஒன்றைச் செய்ததா. கோடுகள் டிக்குகளைத் தாண்டி, இரண்டு மூன்று வாரம் அப்படியே போனால், நோய்க்குப் பெயர் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. டாக்டரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்: வீட்டுக்கு வருவாரா, ஞாயிற்றுக்கிழமை வருவாரா, முதலில் மயக்க ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டு அப்புறம்தான் கடைசி ஊசி போடுவாரா. இரண்டாவது கேள்விக்கு இல்லை என்றால் இன்னொரு டாக்டரின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யார் கடைசி வார்த்தை சொல்வது என்பதும் முன்பே பேசி முடித்திருந்தால் நல்லது, அம்மா ஒன்று அண்ணன் ஒன்று என்று அந்த நேரத்தில் இழுபறி வேண்டாம்.

இடத்தையும் பார்த்து வையுங்கள். எஸ்டேட் குடியிருப்பு என்றால் மேனேஜரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும், காட்டு நிலத்தில் புதைக்கப் போகக் கூடாது. காட்டுப்பன்றியும் கரடியும் தோண்டும் என்பதால் நாலடிக்குக் குறையாத குழி, மேலே கனமான கற்கள், தண்ணீர் ஊற்றிலிருந்து தள்ளி. மழை மாதத்தில் மண் சரியும், அதனால் சரிவின் விளிம்பில் வேண்டாம்.